கல்வேலி நாட்டில் ஒரு கடை

மால்மோ

ஸ்வீடன் தேசத்தின் தென்கோடியில், ஜலசந்திக்கு அப்பால் டென்மார்க்கின் கரை மங்கலாகத் தெரியும்படி அமைந்திருக்கும் மால்மோ நகரத்தில் என் தங்கையின் மகன் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற செப்டம்பரில் நான் போய் இறங்கியபோது, குடிவந்து பத்து நாள்கூட ஆகியிராத அவன் வீட்டில், வந்தவரை உட்காரச் சொல்வதற்கு ஜன்னலோரத்துத் திண்டையும் நான் கொண்டுபோன பெட்டியையும் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அவனும் அவன் மனைவியும் தரையில் அமர்ந்து சாப்பிடுவதைத் தொலைபேசித் திரையில் பார்த்துவிட்ட தங்கை, எங்கள் வீட்டில் காலங்காலமாக எல்லோரும் தரையில் அமர்ந்தே சாப்பிட்டவர்கள் என்பதை மறந்து கண்கலங்கினாள்.

"நீதான் பெரியவனா இருந்து நாலு சாமான் வாங்கிப் போட்டுட்டு வரணும் அண்ணா. தேக்காப் பாத்து வாங்கு" என்று எனக்கு உத்தரவாயிற்று.

தேக்கு என்றதும் எனக்கு அவளுடைய கல்யாணம் நினைவுக்கு வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், வேப்பமரத்தடியில், ஆசாரி ஒருவர் இரண்டு மாதம் உட்கார்ந்து அவளுக்குக் கட்டிலும் அலமாரியும் செய்தார். உளி, வாச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் அவர் வலக்கைப் பக்கம் வரிசையாக இருக்கும். மரச்சுருள்கள் காற்றில் உருண்டு சமையற்கட்டு வரைக்கும் வரும். காலை பதினொன்றுக்கு ஒரு காபி, மாலை நாலுக்கு ஒரு காபி. அது தாமதித்தால் இழைப்புளியின் ஓசையிலேயே ஒரு மனத்தாங்கல் தொனிக்கும். மரச்சாமான் என்பது வீட்டுக்கு ஒரு மனிதர் வந்து தங்கி உண்டாக்குவது. கடையில் போய் எடுத்துவருவதன்று என்ற அபிப்பிராயம் எனக்கு அப்போது உண்டாகி, இன்றுவரை முழுவதும் போகவில்லை.

"இங்க ஆசாரி கூலி நமக்குக் கட்டாது மாமா. எல்லாரும் இக்கேயாதான். இந்த ஊர்லயே பெரிய கடை இருக்கு" என்றான் மருமகன். நாம் ஐகியா என்று சொல்லுவதை அந்த நாட்டார் இக்கேயா என்றே உச்சரிக்கிறார்கள். ஆனால் அந்தக் கடை முதன்முதலில் தோன்றிய எல்ம்ஹுல்ட் என்னும் சிற்றூர் அங்கிருந்து நூறு மைலுக்குள்தான் இருக்கிறது என்று அறிந்தபிறகு, மூலஸ்தானத்தை விட்டுவிட்டு உற்சவரைத் தெருவில் கும்பிட்டுத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் பிரயாணமாக வடக்கே புறப்பட்டோம்.

ரோஸ்ஹுல்ட்

மால்மோவைச் சூழ்ந்த ஸ்கோனே பிரதேசம் நம் தஞ்சை ஜில்லாவைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். அறுவடையான வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. 1658-ஆம் வருஷம்வரை இது டென்மார்க்குக்குச் சொந்தமான பூமி. பழைய எல்லையைத் தாண்டி ஸ்மோலாந்துக்குள் நுழைவதற்குப் பெயர்ப்பலகை வேண்டியதில்லை. வயல்கள் சுருங்கி, தேவதாருவை ஒத்த ஸ்ப்ரூஸ் மரங்களும் பைன் மரங்களும் இருபுறமும் நெருங்கி, நடுநடுவே கறுத்த நீருடைய ஏரிகள் தலைகாட்ட ஆரம்பித்துவிடுகின்றன. வீடுகள் யாவும் மரத்தால் கட்டியவை. பாலூன் செப்புச் சுரங்கத்து மண்ணிலிருந்து எடுக்கும் காவிச் சாயத்தைப் பூசி, மூலைகளுக்கு மட்டும் வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் மதிற்சுவர்ப் பட்டைகளை அந்த நிறம் எனக்கு நினைவூட்டிற்று.

எல்ம்ஹுல்டைக் கடந்து சற்று வடக்கே ரோஸ்ஹுல்ட் என்ற கிராமத்தில் வண்டியை நிறுத்தினோம். உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸ் 1707-ல் பிறந்த இடம் அது. பிறந்த வீடு எரிந்துபோய், பின்னால் கட்டிய சிறு மரவீடுதான் இப்போது நிற்கிறது. கூரையில் புல் முளைத்திருந்தது. கீழைத் தேசத்தில் காலே வைத்திராத இந்தப் பாதிரியார் வீட்டுப் பிள்ளை, நம்முடைய பனைமரத்துக்கு 1753-ல் 'பொராசஸ் ஃப்ளாபெல்லிஃபர்' என்று நாமகரணம் செய்தார். விசிறி தாங்கி என்பது பிற்பாதிக்குப் பொருள். பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு வளர்ந்த எனக்கு, அந்தக் குளிரில் அந்தப் பெயரை நினைத்துக்கொள்வது விசித்திரமாக இருந்தது.

பெயர் வைப்பதில் அந்த மண்ணுக்கே ஒரு பிரியம் இருக்கிறதோ என்னவோ, பக்கத்துக் கிராமத்தில் பின்னாளில் தோன்றிய கடைக்காரரும் தம் சாமான்களுக்கு இலக்கத்தை விட்டுவிட்டுப் பெயரையே சூட்டினார். சோபாவுக்கு ஸ்வீடனின் ஊர்ப்பெயர், கட்டிலுக்கு நார்வேயின் ஊர்ப்பெயர், சாப்பாட்டு மேஜைக்குப் பின்லாந்தின் ஊர்ப்பெயர், ஸ்நான அறைப் பொருள்களுக்கு ஏரி ஆறுகளின் பெயர் என்று அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. எழுத்துக்களும் எண்களும் கண்ணில் இடம்மாறித் தோன்றும் குறைபாடு அவருக்கு இருந்ததால், பெயர்களே அவர் ஞாபகத்துக்குச் சௌகரியமாக இருந்தனவாம்.

அகுன்னாரிட்

அந்தக் கடைக்காரர் இங்வார் காம்ப்ராட். 1926-ல் பிறந்தவர். தம் பெயரின் இரண்டு முதலெழுத்துக்களோடு, தாம் வளர்ந்த எல்ம்தாரிட் பண்ணையின் முதலெழுத்தையும் அகுன்னாரிட் கிராமத்தின் முதலெழுத்தையும் சேர்த்ததுதான் IKEA என்ற நான்கெழுத்து. ஊர்ப்பெயரையும் தகப்பன் பெயரையும் முன்னால் சுமந்து திரிகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊர் பின்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அகுன்னாரிடுக்குப் போகும் வழி நெடுக, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்திலும், இடுப்பளவு உயரத்துக்குச் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அரண்மனையோ கோட்டையோ கட்டிய கற்கள் அல்ல அவை. உழுவதற்காக நிலத்திலிருந்து பொறுக்கி எடுத்துப் போட வேறு இடமில்லாமல் ஓரத்தில் அடுக்கியவை. ஒரு வேலியருகே, சிவப்புப் பழங்களை வாளியில் சேகரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு இறங்கினோம். எண்பதுக்கு மேல் பிராயம் இருக்கும். காடு அவருடையதா என்று கேட்டேன். இல்லையாம். யார் காடானாலும் எவரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம் என்பது அந்த நாட்டில் புராதனமான பாத்தியதை. லிங்கொன் என்னும் அந்தப் பழத்தில் ஒரு கைப்பிடி அள்ளித் தந்தார். வாயில் போட்டதும் களாக்காயின் புளிப்பும் துவர்ப்பும். சர்க்கரை சேர்க்காமல் வெறும் தண்ணீரில் போட்டு வைத்தாலே குளிர்காலம் முழுதும் கெடாதிருக்குமாம். கெடாமல் காக்கும் அமிலம் பழத்திலேயே இருக்கிறது.

கல்வேலியைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும்போது, ஆழத்திலுள்ள கல் சிறிது சிறிதாக மேலே வந்துவிடும். சென்ற வருஷம் பொறுக்கிச் சுத்தம் செய்த வயலில் இந்த வருஷம் மறுபடியும் கல் இருக்கும். "எங்களுக்குத் தவறாமல் விளைந்த பயிர் அது ஒன்றுதான்" என்று அவர் சொன்னதை மருமகன் மொழிபெயர்த்தான். அந்தப் பயிரைத் தின்று பிழைக்க முடியாமல்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து எழுபது எண்பது வருஷத்தில் ஸ்வீடனிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஸ்மோலாந்துக்காரர்கள் அவர்களில் முன்வரிசை. ஊரில் தங்கியவர்களுக்குச் சிக்கனம் சுபாவமாயிற்று. மற்ற ஸ்வீடன்காரர்கள் அதை லோபித்தனம் என்று பரிகாசம் செய்வதுண்டு.

பண்ணை இன்னும் இருக்கிறது. பிறர் வாழும் இடமாதலால் உள்ளே போகாமல் சாலையில் நின்றே பார்த்தோம். இங்கே வளர்ந்த பையன் ஐந்து வயதிலேயே ஸ்டாக்ஹோமிலிருந்து மொத்தமாகத் தீப்பெட்டி தருவித்து அக்கம்பக்கத்தில் சில்லறையாக விற்கத் தொடங்கினான். பிறகு மீன், விதைகள், பேனா. நன்றாகப் படித்ததற்காகத் தகப்பனார் கொடுத்த பணத்தைக்கொண்டு, 1943-ல், பதினேழாவது வயதில் கம்பெனியைப் பதிவு செய்தான். பால் சேகரிக்க வரும் லாரியில் பொட்டலங்களை ஏற்றி ரயில் நிலையத்துக்கு அனுப்புவானாம். எப்படியும் போகிற வண்டியில் தன் சாமானையும் ஏற்றிவிடும் இந்த யுக்திதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்ம்ஹுல்ட்: பழைய கடை

1948-ல் மரச்சாமான் வியாபாரம். 1951-ல் முதல் விலைப்புத்தகம். தபாலில் விற்கும் கடைகள் ஒன்றையொன்று விலையில் வெட்டப்போய், ஓர் இஸ்திரிப் பலகை வரவர விலை குறைந்து, கூடவே தரமும் குறைந்து, ஜனங்களுக்குத் தபால் சாமான் என்றாலே அவநம்பிக்கை உண்டாகிவிட்டது. 'வந்து தொட்டுப் பாருங்கள்' என்று 1953-ல் எல்ம்ஹுல்டில் ஒரு பழைய மரப்பட்டறையைக் காட்சிசாலையாக்கினார் காம்ப்ராட். 1958-ல் 6,700 சதுர மீட்டரில் பெரிய கடை எழுந்தது. வெள்ளையும் கண்ணாடியுமான அதே கட்டடம்தான் 2016 முதல் மியூசியமாக இருக்கிறது.

உள்ளே பார்த்தவற்றுள் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது ஒரு சிறு மேஜை. மூன்று கால், இலை வடிவப் பலகை. 1956-ல் கில்லிஸ் லுண்ட்கிரேன் என்ற ஊழியர், படம் பிடித்து முடிந்த மேஜையைக் காரில் ஏற்றப் பார்த்து, ஏறாமற்போகவே, காலைக் கழற்றிப் பலகைக்கு அடியில் வைத்துவிடலாமே என்றாராம். கால் கழற்றும் சாமானை இவர்கள்தாம் முதலில் கண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டாக்ஹோமின் பெரிய கடை ஒன்றில் 1940-களிலேயே அப்படிப்பட்டவை விற்றிருக்கின்றன. ஆனால் அதைத் தொழிலின் அச்சாணியாக ஆக்கியவர்கள் இவர்கள். நாற்காலியை அனுப்புகிறவன் உண்மையில் அனுப்புவது, காலுக்கும் காலுக்கும் நடுவேயுள்ள காற்றை. அந்தக் காற்றுக்கும் லாரி வாடகை உண்டு. அதை வெளியேற்றித் தட்டையாகக் கட்டிவிட்டால் ஒரு வண்டி கொள்வது பல மடங்காகிறது. காலையில் சுருட்டிச் சுவரோரம் சாத்தும் கோரைப்பாயை உபயோகித்த சாதி நாம். இந்தத் தத்துவம் நமக்கு எளிதில் விளங்கவேண்டும்.

விலை மலிந்ததும் மற்ற உற்பத்தியாளர்கள் சும்மா இருக்கவில்லை. இவருக்குச் சரக்குக் கொடுக்காதே என்று பட்டறைகளுக்கு நெருக்கடி உண்டாயிற்று. அதனாலேயே சொந்தமாக உருவம் வகுக்கவும், 1960-களின் தொடக்கத்தில் போலந்து தேசத்துப் பட்டறைகளைத் தேடிப் போகவும் நேர்ந்தது.

ஸ்தாபகரைப் பற்றி ஸ்தல புராண பாஷையில் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. இளமையில் அவருக்கு ஸ்வீடன் நாட்டுப் பாசிஸ்டுகளுடன் உறவு இருந்தது. அது 1994-ல் அம்பலமானபோது தம் வாழ்வின் மிகப் பெரிய தவறென்று ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார். பழைய வால்வோ கார், விமானத்தில் மலிவு இருக்கை என்று அவருடைய எளிமையைக் கொண்டாடுகிறவர்கள், அதே சிக்கனம் வரி விஷயத்திலும் செயற்பட்டு அவரை 1970-களில் தேசத்தை விட்டே வெளியேற்றி, டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் நாற்பது வருஷம் வைத்திருந்ததைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். 2018 ஜனவரியில் ஸ்மோலாந்தில்தான் காலமானார்.

மியூசியத்து உணவுச்சாலையில் மருமகன் மாமிச உருண்டையும் நான் காய்கறி உருண்டையும் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கு மசியல், பாலாடைக் குழம்பு, ஓரத்தில் காலையில் தின்ற அதே லிங்கொன் பழத்தின் ஜாம். உப்புக் கறியோடு தித்திப்பா என்று முகம் சுளிக்க உத்தேசித்தவன், இரண்டாவது கவளத்தில் அது நமக்குத் தயிர்சாதத்தோடு ஊறுகாய் போன்றது என்று கண்டுகொண்டேன். பரிமாறிய பெண்ணிடம், இந்தியாவில் 2018-ல் ஹைதராபாத்தில் திறந்த கடையில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம் என்றும், உருண்டை அங்கே கோழியிலும் காய்கறியிலும்தான் என்றும், கூடவே பிரியாணி உண்டு என்றும் மருமகன் சொன்னான். பிரியாணி என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அதை விளக்க அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இன்னொரு காபி குடித்துவிட்டேன்.

எல்ம்ஹுல்ட்: புதிய கடை

மறுநாள் புதிய கடைக்குப் போனோம். நீலப்பெட்டி போன்ற கட்டடம், மேலே மஞ்சள் எழுத்து. வாசலில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் விளையாட்டிடத்துக்கு ஸ்மோலாந்து என்றே பெயர்.

உள்ளே தரையில் அம்புக்குறி. அதன்படி நடந்தால் வரிசையாக அறைகள்: யாரோ இப்போதுதான் எழுந்து வெளியே போனதுபோல் கலைந்த போர்வையோடு படுக்கை, பாதி திறந்த அலமாரி, மேஜைமேல் கோப்பை. ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு. விற்பவர் எவரும் அருகில் வருவதில்லை. 'வாங்க சார், உக்காருங்க, என்ன பாக்கறீங்க' என்று உபசரித்து, சோடா வாங்கிக் கொடுத்து, விலையை ஏற்றிச் சொல்லி, எழுந்து போவதுபோல் பாவனை செய்ததும் இறக்குகிற நம் கடைத்தெருவின் நாடகத்துக்கு இங்கே மேடையே கிடையாது. முதலில் அது மரியாதைக் குறைவாகப் பட்டது. அரைமணி கழித்து, யாரையும் ஏமாற்றவேண்டியதில்லை, யாரிடமும் ஏமாறவேண்டியதில்லை என்ற நிம்மதி உண்டாயிற்று. நாற்காலிகள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். 1976 முதல் விற்கும், ஜப்பானியரான நொபோரு நகாமுரா வகுத்த வளைகால் நாற்காலியில் உட்கார்ந்தவன் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டதாக மருமகன் சொல்லுகிறான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கையின் உத்தரவு ஞாபகம் வந்து ஒரு மேஜையைத் தட்டிப் பார்த்தேன். தபலாவைத் தட்டினாற்போல் ஒலித்தது. "உள்ள அட்டைதான் மாமா. தேன்கூடு மாதிரி மடிச்சு வெச்சிருப்பாங்க" என்றான். மேலும் கீழும் மெல்லிய பலகை, நடுவே காகிதம். எங்கள் ஆசாரி இருந்திருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறியிருப்பார். அந்தக் கட்டில் தங்கையின் பேரக்குழந்தைகளையும் தாங்கும். இந்த மேஜை இரண்டு வீடு மாறினால் அதிகம். ஆனால் அந்தக் கட்டிலுக்காக அப்பா வாங்கிய கடனை அடைக்க எத்தனை போகம் ஆயிற்று என்பதும் எனக்குத் தெரியும். முதல் சம்பளக்காரன் ஒருவன் கடனில்லாமல் ஒரு வீட்டை நிரப்பிக்கொள்ள முடிகிறதென்றால், காகிதத்தை அவ்வளவு அலட்சியமாகப் பேசிவிட எனக்கு வாய் வரவில்லை.

கீழே கிடங்கு. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே பழுப்பு அட்டைப்பெட்டிகள். 1965-ல் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே குங்கென்ஸ் குர்வா என்ற இடத்தில் கடை திறந்தபோது, கூட்டம் தாங்காமல், ஜனங்களையே கிடங்குக்குள் விட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னதில் பிறந்த ஏற்பாடாம் இது. 'அரசரின் வளைவு' என்பது அந்த இடத்துப் பெயரின் பொருள். 1946-ல் ஐந்தாம் குஸ்தாவ் மன்னரின் கார் அந்தத் திருப்பத்தில் பள்ளத்தில் இறங்கிவிட்டதால் வந்த பெயர்.

எங்கள் புத்தக அலமாரிப் பெட்டி என் உயரத்துக்கு மேல் நீளம். மருமகன் தள்ளுவண்டி கொண்டுவரப் போயிருந்தான். நான் பெட்டியைப் பார்த்துவிட்டு, என்னை அறியாமல் நாற்புறமும் பார்த்தேன். எதைத் தேடினேன் என்பது பிறகுதான் புரிந்தது. கும்பகோணம் ரயிலடியில் இறங்கியதும் தேடுவதுபோல், தலையில் சும்மாடு வைத்த ஓர் ஆளைத் தேடியிருக்கிறேன். அவ்வமயம் பக்கத்து வரிசையில், எழுபதைக் கடந்த ஸ்திரீ ஒருத்தி, அதே நீளப்பெட்டி ஒன்றைத் தன்னந்தனியே தன் வண்டிமேல் சாய்த்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "அந்த முனையைப் பிடியுங்கள்" என்றாள். பிடித்தேன். கனம் தோள்வரை ஏறிற்று. பிறகு எங்கள் பெட்டிக்கு மறுமுனையை அவள் பிடித்தாள். பேத்தி கல்லூரிக்குப் போகிறாளாம், அவளுக்காக வாங்குவதாம். யார் பூட்டித் தருவார் என்று கேட்டேன். கேள்வி விளங்காதவள்போல் ஒரு கணம் பார்த்து, "நான்தான்" என்றாள்.

அறுபத்தெட்டு வயதுவரை ஒரு மரச்சாமானின் இரு முனைகளில் ஒன்றையேனும் நான் பிடித்திருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மீண்டும் மால்மோ

அலமாரியை மருமகனும் அவன் மனைவியும் பூட்டினார்கள். எனக்கென்று பைன் மரத்து ஸ்டூல் ஒன்றை நானே கேட்டு வாங்கிவந்திருந்தேன். பெட்டியைப் பிரித்ததும் புதுமரத்தின் வாசனை. கொல்லை வேப்பமரத்தடியில் வந்த வாசனையன்று, ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. பலகைகள், மரமுளைகள், ஒரு பொட்டலம் திருகாணி, ஆறுபட்டை ஆலன் கீ ஒன்று. செய்முறைத் தாளில் எந்த மொழியிலும் ஓரெழுத்து இல்லை. உருண்டைத் தலை மனிதன் ஒருவன் படத்துக்குப் படம் வேலை செய்கிறான். எழுத்தையே நம்பிப் பிழைத்தவன் எழுத்தில்லாத தாளின்முன் குந்தி உட்கார்ந்தேன். குறுக்குச் சட்டம் ஒன்றைத் தலைகீழாகப் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டினேன். முழங்கால் வலித்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

தங்கையின் அழைப்பு வந்தது. மருமகள் தொலைபேசித் திரையை வீடெங்கும் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் ஸ்டூலிடம் கொண்டுவந்தாள்.

"இது நல்லா இருக்கே! தேக்கா?"

"இல்லே அத்தே. பைன்."

"போகட்டும். அழகாத்தான் பண்ணியிருக்கார். யாரு, அந்த ஊர் ஆசாரியா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"நம்மூர் ஆசாரிதான் அத்தே. இங்கேதான் உக்காந்து பண்ணினார்."

"அப்படியா! கூலி என்ன கேட்டாலும் கொடுத்துடு. மணி நாலுக்கு மேல ஆச்சே, காபி கொடுத்தியோ இல்லையோ?"